'ஷல்' என்று எழுதினால் ஒப்பந்தம் செல்லாமல் போகுமா?

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு மாந்தோப்போடு, நெடுஞ்சாலை ஓரத்தில் ஷீட் போட்ட ஒரு குடோனும் உண்டு. இடம் கிராம ஊராட்சி எல்லைக்குள் வருகிறது. மாம்பழம் வாங்கி அனுப்பும் பெங்களூரு வியாபாரி ஒருவருக்கு 2024 ஏப்ரல் 1-லிருந்து மூன்று வருடத்துக்கு அதை விட்டிருக்கிறார். மாத வாடகை 20,000 ரூபாய், அட்வான்ஸ் 3 லட்சம். ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம். முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் சீல் வாங்கியதோடு சரி, பதிவு செய்யவில்லை. வியாபாரியின் மேனேஜர் பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலுமாகப் படித்துச் சொல்ல, இவர் கையெழுத்துப் போட்டார். கூட வந்த மச்சானும் "சாட்சிக்குத்தானே" என்று கீழே ஒரு கையெழுத்துப் போட்டார்.

முதல் 14 மாதம் வாடகை ஒழுங்காக வந்தது. 2025 மே மாதக் காற்றில் கூரை ஷீட் சில பறந்துவிட்டன. மேனேஜர் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி, சரிசெய்து தரச் சொன்னார். "சீசன் முடியட்டும், பார்க்கலாம்" என்று இவர் சொல்லிவிட்டார். அவர்களே ஷீட் மாற்றிக்கொண்டு, ஜூன் வாடகையில் 18,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 2,000 மட்டும் அனுப்பினார்கள். ஜூலையிலிருந்து அதுவும் இல்லை. கேட்டால், "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்கிறார்கள். இப்படி எட்டு மாதம் ஓடிவிட்டது. குடோனில் காலி கிரேட்டுகளை அடுக்கி, பூட்டிவைத்திருக்கிறார்கள்.

தர்மபுரியில் கல்லூரியில் படிக்கும் இவருடைய மகன், ஒப்பந்தத்தை எடுத்து இலக்கணப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். "ஷல் என்பது 'ஐ', 'வீ' இரண்டோடுதான் வரும். 'லெஸ்ஸி ஷல்' (வாடகைதாரர் ஷல்) என்று எழுதியிருப்பதே தப்பு. தப்பாக எழுதின ஒப்பந்தம் செல்லாது" என்பது அவர் கண்டுபிடிப்பு. ஆங்கிலத்தில் ஒரு நோட்டீசும் தயார் செய்திருக்கிறார். வாசகரின் கேள்விகள்: ஒப்பந்தம் செல்லுமா? என் பூட்டையும் சேர்த்துப் போட்டு அவர்களை உள்ளே விடாமல் செய்யலாமா? மச்சானுக்கு ஏதாவது சிக்கல் வருமா? மகன் எழுதிய நோட்டீசை அனுப்பலாமா?

முதல் வேலையாக, மகன் கையில் இருக்கும் சிவப்புப் பேனாவை வாங்கி வையுங்கள். நீங்கள் அனுப்பிய நகலின் மூன்றாம் பக்கத்தில் 'எஃபெக்ட்' என்ற சொல்லை அடித்து, மேலே 'அஃபெக்ட்' என்று திருத்தியிருக்கிறார். கையெழுத்தான பத்திரத்தில் ஒரு தரப்பு மட்டும் பேனா வைப்பது ஆபத்து. பொருள் மாறும்படி திருத்தினால், அதே பத்திரத்தை நம்பி நீங்கள் வழக்குப் போடும்போது அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். அசலில் எழுதியிருக்கிறாரா, ஜெராக்ஸில் எழுதியிருக்கிறாரா என்று உடனே பாருங்கள். அசலில் என்றால், அழிக்கவோ வெள்ளை மை பூசவோ வேண்டாம். அப்படியே வைத்து, வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அந்தத் திருத்தமும் சரியில்லை. 'அஃபெக்ட்' வினைச்சொல், 'எஃபெக்ட்' பெயர்ச்சொல் என்று பள்ளியில் சொல்லித் தருவது பெரும்பாலும் சரிதான். மழை விளைச்சலைப் பாதித்தது என்றால் முன்னது, மழையின் விளைவு என்றால் பின்னது. ஆனால் 'எஃபெக்ட்' வினைச்சொல்லாகவும் வரும், அப்போது அதற்கு 'நடத்தி முடித்தல்' என்று பொருள். ஒப்பந்தத்தில் 'எஃபெக்ட் ரிப்பேர்ஸ்' என்றால் பழுது பார்ப்பது. தம்பி திருத்தியபடி படித்தால், பழுதுபார்க்கும் வேலையைக் கெடுப்பது என்று ஆகிவிடுகிறது.

'ஷல்' பற்றி

பழைய இலக்கணப் புத்தகங்களில் ஒரு விதி உண்டு. சாதாரண எதிர்காலத்துக்கு 'ஐ', 'வீ' இரண்டோடு 'ஷல்', மற்றவற்றோடு 'வில்'. தம்பி அதுவரை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடியிருக்கிறார். அதே விதியின் அடுத்த பகுதி, 'யூ', 'ஹீ', 'தே' போன்றவற்றோடு 'ஷல்' வந்தால் அது கட்டளை அல்லது உறுதி என்று சொல்லும். ஒப்பந்தத்தில் வேண்டியது அந்தப் பொருள்தான். 'லெஸ்ஸி ஷல் பே' என்றால் வாடகைதாரர் கட்டியே ஆக வேண்டும். இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் 'ஷல்' பெரும்பாலும் 'ஷல் வீ கோ' மாதிரிக் கேள்விகளோடு நின்றுவிட்டது. சட்ட எழுத்தில் மட்டும் அது கடமையைக் குறிக்கும் சொல்லாக இன்னும் இருக்கிறது. நம் அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பே இந்தியா, அதாவது பாரதம், 'ஷல் பீ' மாநிலங்களின் ஒன்றியம் என்றுதான் தொடங்குகிறது. தம்பி சொல்லும் விதிப்படி அதையும் திருத்த வேண்டியிருக்கும்.

பொதுவாகவே, இலக்கணப் பிழை இருப்பதால் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. இரு தரப்பும் என்ன நினைத்துக் கையெழுத்துப் போட்டார்கள் என்பதைத்தான் நீதிமன்றம் தேடும்.

இதற்குப் பக்கத்திலேயே நிற்கும் 'மே' என்ற சொல்தான் உங்களைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறது. அதை 'ஒருவேளை செய்வார்கள்' என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். 'இட் மே ரெய்ன்' என்று வானத்தைப் பார்த்துச் சொல்லும்போது அது சரி. ஒப்பந்தத்தில் 'மே' என்பது உரிமை. செய்யலாம், செய்யாமலும் விடலாம், முடிவு அவர்கள் கையில். தமிழில் 'செய்யலாம்' என்ற ஒரே சொல் அனுமதிக்கும் யோசனைக்கும் ஊகத்துக்கும் வந்துவிடுவதால், படித்துக் காட்டியபோது அது உங்களுக்குப் பெரிதாகப் படவில்லை.

ஒரு வேலை செய்யுங்கள். ஜெராக்ஸ் எடுத்து, 'ஷல்', 'மே' வரும் இடங்களில் எல்லாம் கோடு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் யார் நிற்கிறார் என்று பாருங்கள். 'ஷல்'லுக்கு முன்னால் நிற்பவருக்குக் கடமை, 'மே'க்கு முன்னால் நிற்பவருக்கு உரிமை. 'லெஸ்ஸர்' நீங்கள், 'லெஸ்ஸி' அவர்கள். கொடுப்பவருக்கு 'அர்', வாங்குபவருக்கு 'ஈ' என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். நீங்கள் அனுப்பியதில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு 'மே' கூட இல்லை. ஒரு மாத நோட்டீசில் காலி செய்யும் உரிமை அவர்களுக்கு மட்டும் இருக்கிறது. எழுதியவர் யாருக்காக எழுதினார் என்பது அதிலேயே தெரிகிறது.

கூரை விஷயமும் இதில் அடங்கிவிடும். கூரையை நல்ல நிலையில் வைப்பது உங்கள் 'ஷல்'. நீங்கள் செய்யாவிட்டால் தாங்களே செய்து வாடகையில் கழிப்பது அவர்கள் 'மே'. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. பழுதுபார்க்க வேண்டிய உரிமையாளர், தகவல் வந்த பிறகு நியாயமான காலத்துக்குள் செய்யவில்லை என்றால், குடியிருப்பவர் செய்துவிட்டு செலவைக் கழிக்கலாம். வாட்ஸ்அப் போட்டோ வந்திருக்கிறது, சீசன் நடுவில் நீங்கள் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் சரியாக இருந்தால் அந்த 18,000-க்காகச் சண்டை வேண்டாம் என்பது என் யோசனை. பெரிய பணம் வேறு இடத்தில் இருக்கிறது.

அட்வான்ஸா, டெபாசிட்டா?

நம் பக்கம் 'அட்வான்ஸ்' என்றால், காலி செய்யும்போது திருப்பிக் கொடுக்கிற பணம். ஆங்கில ஒப்பந்தத்தில் அதற்கு 'செக்யூரிட்டி டெபாசிட்' என்று போடுவார்கள். 'அட்வான்ஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதினால், பின்னால் வரவேண்டிய தொகைக்கு முன்கூட்டியே கட்டிய பணம் என்று படிக்க இடம் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் வாடகையில் 'அட்ஜஸ்ட்' செய்யப்படும் என்று மட்டும் இருக்கிறது. எப்போது என்று இல்லை. 'காலி செய்யும்போது பாக்கி ஏதாவது இருந்தால்' என்ற சொற்கள் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தையே நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஆனால் உங்கள் பக்கம் வலுவான விஷயம் ஒன்று உண்டு. வாடகையை அட்வான்ஸில் கழிப்பதுதான் ஒப்பந்தம் என்றால், முதல் 14 மாதம் ஏன் முழு வாடகையை அனுப்பினார்கள்? இரண்டு விதமாகப் படிக்க இடம் தரும் சொல் என்றால், இரு தரப்பும் நடந்துகொண்ட விதத்தை நீதிமன்றம் பார்க்கும். அப்படியும் தெளிவாகவில்லை என்றால், வாசகத்தை எழுதிக் கொண்டுவந்தவருக்கு எதிராகப் பொருள் கொள்வதும் வழக்கம். அந்த 14 மாத வங்கிக் கணக்கு விவரத்தை இன்றே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

'மேனேஜர் வாயால் வேறு மாதிரி சொன்னாரே' என்கிறீர்கள். எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்துக்கு முரணாக வாய்ப்பேச்சைச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது என்பது பொது விதி. முன்பு சாட்சியச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 94, 95 பிரிவுகளில் இருக்கிறது. மோசடி, தவறான புரிதல் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. உண்மையான நோக்கத்தைப் பத்திரம் காட்டவில்லை என்றால், அதைத் திருத்தித் தரும்படி 1963-ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 26-ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். ஆனால் மேனேஜர் அப்படிச் சொன்னார் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான் விழும். 'படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்' என்பது மட்டும் காப்பாற்றாது.

ஒப்பந்தம் உண்மையில் எங்கே பலவீனம்?

தம்பி சொன்ன முடிவில் பாதி உண்மை இருக்கிறது. அவர் சொன்ன காரணம்தான் தப்பு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்த பத்திரத்தின் மூலம்தான் செய்ய முடியும் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் 107-ஆம் பிரிவு சொல்கிறது. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17-ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. நோட்டரி சீல் பதிவுக்கு ஈடாகாது. பதிவில்லாத பத்திரத்தை, யார் எந்த வகையில் இடத்தை அனுபவிக்கிறார்கள் என்பது போன்ற துணை விஷயங்களுக்கு மட்டும் காட்டலாம். மூன்று வருடக் கெடு, விலகும் நிபந்தனை ஆகியவற்றை அதை வைத்து நிலைநாட்ட முடியாது. முத்திரைத் தீர்வை குறைவாக இருந்தால் நீதிமன்றத்தில் காட்டும்போது அபராதமும் சேரும்.

எனவே, சட்டத்தின் பார்வையில் அவர்கள் மாதாமாதம் இருக்கும் வாடகைதாரர். சரக்கு வைக்கும் குடோன் என்பதால் 106-ஆம் பிரிவின்படி 15 நாள் நோட்டீசில் வாடகை உறவை முடிக்கலாம். உள்ளே மாம்பழக் கூழ் தயாரிப்பு மாதிரி உற்பத்தி வேலை நடந்திருந்தால் ஆறு மாத நோட்டீஸ் வேண்டும் என்று அவர்கள் வாதாட இடம் உண்டு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கிரேட் அடுக்குவதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. (இதே குடோன் நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.)

இது உங்களுக்கும் எதிராக வேலை செய்யும். 'மூன்று வருடம் முடியாமல் போகிறாயே, மீதி வாடகையைக் கொடு' என்று நீங்களும் கேட்க முடியாது.

பூட்டுப் போடுவதைப் பற்றி ஒரே வரி: போடாதீர்கள். வாடகை பாக்கி எவ்வளவு இருந்தாலும், சட்டப்படி இல்லாமல் ஒருவரை வெளியேற்றினால், ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அவர் இடத்தைத் தன் அனுபவத்துக்குத் திரும்ப வாங்கலாம். குடோன் யாருடையது என்ற கேள்வியே அதில் எழாது. உள்ளே ஆயிரம் கிரேட் இருந்தது, பாதியைக் காணோம் என்று போலீசில் புகார் கொடுத்தால் அதற்கும் நீங்கள்தான் அலைய வேண்டும்.

மச்சானின் கையெழுத்து

கடைசிப் பக்கத்தில் இரண்டு தலைப்புகள் இருக்கின்றன. 'விட்னஸ்' என்பதன் கீழே அவர்கள் ஆள் இருவர். உங்கள் மச்சானின் கையெழுத்து இருப்பது 'கேரன்டர்' என்பதன் கீழே. விட்னஸ் சாட்சி, நீங்கள் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவர், அவ்வளவுதான். கேரன்டர் ஜாமீன்தாரர். நீங்கள் அட்வான்ஸைத் திருப்பித் தராவிட்டால் தருவதாக ஒப்புக்கொண்டவர். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கடன்பட்டவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு ஜாமீன்தாரருக்கும் உண்டு. உங்களிடம் கேட்டுத் தீர்த்த பிறகுதான் அவரிடம் வர வேண்டும் என்றுகூட இல்லை. பதிவில்லாத பத்திரம் என்பது இந்த ஜாமீனை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பது வாதத்துக்குரியது, அதை நம்பி உட்கார வேண்டாம். கணக்கு முடியும்போது, 'ஜாமீன்தாரரின் பொறுப்பு தீர்ந்தது' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். அதுவரை மச்சானிடம் விஷயத்தை மறைக்கவும் வேண்டாம். நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போய்த்தான் அவருக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

மகன் எழுதிய நோட்டீஸ்

அனுப்பாதீர்கள். முக்கிய வாக்கியமே இப்படி இருக்கிறது: 'யூ ஷுட் எவாகுவேட் தி குடோன் அன்டில் 31 மார்ச்.'

'ஷுட்' அறிவுரை. 'போனால் நல்லது' என்கிற அளவுதான். இந்த இடத்தில் 'மஸ்ட்' அல்லது 'ஷல்' வேண்டும். 'எவாகுவேட்' என்பது வெள்ளம், தீ மாதிரி ஆபத்திலிருந்து ஆட்களை வெளியேற்றுவது. தென்பெண்ணையில் தண்ணீர் ஏறும்போது கரையோர மக்களை எவாகுவேட் செய்வார்கள். வாடகை இடத்தைக் காலி செய்து ஒப்படைப்பது 'வெகேட்'.

'அன்டில்', 'பை' இரண்டும் நம் ஆட்கள் அதிகம் குழப்பிக்கொள்பவை. ஒரு நிலை தொடர்ந்து நீடித்து ஒரு நாளில் நின்றால் 'அன்டில்', நம் 'வரை'. ஒரு காரியம் ஒரு நாளைத் தாண்டாமல் முடிந்துவிட வேண்டும் என்றால் 'பை', நம் 'க்குள்'. குடோனை மார்ச் 31 வரை வைத்திருக்கலாம் என்பதற்கு அன்டில். மார்ச் 31-க்குள் காலி செய்ய வேண்டும் என்பதற்கு பை. இருத்தல், பயன்படுத்துதல், காத்திருத்தல் போன்ற வினைகளோடு முன்னது சேரும். கட்டுதல், ஒப்படைத்தல், முடித்தல் போன்றவற்றோடு பின்னது சேரும். தம்பி எழுதியதை ஒரு வக்கீல் வேண்டுமென்றே திருப்பினால், 'மார்ச் 31 வரை இருக்கச் சொல்லி அவரே எழுதிக் கொடுத்தார்' என்று பேசலாம். ஜெயிக்கிறாரோ இல்லையோ, ஒரு வாய்தா போகும்.

தேதியையும் யோசித்துப் போடுங்கள். 15 நாள் என்பது நோட்டீஸ் அவர்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து ஓடும், நீங்கள் எழுதிய நாளிலிருந்து அல்ல. 'இன் 15 டேஸ்' என்றும் வேண்டாம், அது 15 நாள் கழித்து என்றும் ஆகும். கிடைத்த 15 நாளுக்குள் என்பதற்கு 'வித்தின்' போட வேண்டும். கடைசியில் 'ப்ராசிக்யூட்' செய்வேன் என்று மிரட்டியிருப்பதை எடுத்துவிடுங்கள். அது குற்ற வழக்கு. உங்களுடையது உரிமையியல் வழக்கு, அதற்கு 'சூ' என்பதே சொல்.

இவ்வளவு சொன்னாலும், நோட்டீஸ் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. தமிழிலேயே வக்கீல் மூலம் அனுப்புங்கள், அவர்களுக்குக் கிடைத்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி என்ன செய்யலாம்?

கணக்கைப் பாருங்கள். எட்டு மாத பாக்கி 1,60,000. அதை அட்வான்ஸில் கழித்தால் நீங்கள் திருப்பித் தர வேண்டியது 1,40,000. இன்றே அவர்கள் காலி செய்தாலும் அந்தப் பணம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அட்வான்ஸ் மகள் கல்யாணத்தில் செலவாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால், அவசரமாக நோட்டீஸ் விடுவது உங்களுக்கே நெருக்கடி.

இப்படியே விட்டால் இன்னும் ஏழு மாதத்தில் அட்வான்ஸ் தீர்ந்துவிடும். அதன் பிறகு அவர்கள் வாடகை தராமல் இருந்தால், கையில் பிடிமானம் எதுவும் இல்லாமல் வழக்குப் போட வேண்டியிருக்கும். அந்த நிலைக்கு விடக்கூடாது.

எனக்குச் சரியாகப் படுவது பேச்சுவார்த்தை. அடுத்த சீசனுக்கு அவர்களுக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் குடோன் வேண்டும். பெங்களூரா ரக மாங்காய் வரத்து தொடங்கிவிட்டால் வேறு இடம் தேடி அலைய அவர்களுக்கும் நேரம் இருக்காது. மிச்சமுள்ள 1,40,000-ஐ 'திருப்பித் தரத்தக்க டெபாசிட்' என்று மாற்றி, இந்த மாதத்திலிருந்து வாடகை வங்கிக்கு வரும்படி புது ஒப்பந்தம் போடக் கேளுங்கள். அது தமிழில் இருக்கட்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் தமிழ்ப் பத்திரம் தாராளமாகப் பதிவாகும். ஆங்கில நகலும் வேண்டும் என்று அவர்கள் கேட்டால் சரி, ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் தமிழ்ப் பத்திரமே செல்லும் என்று ஒரு வரி அதில் இருக்க வேண்டும். காலி செய்யச் சொல்லும் உரிமை உங்களுக்கும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஜாமீன்தாரர் என்ற பத்தியே அதில் வேண்டாம்.

ஒத்துவரவில்லை என்றால் 15 நாள் நோட்டீஸ், பிறகு உரிமையியல் நீதிமன்றம். அதற்கு முன் கிருஷ்ணகிரி மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்து, வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கும் கேட்டுப் பார்க்கலாம். போகும்போது அசல் ஒப்பந்தம், 14 மாத வங்கி விவரம், வாட்ஸ்அப் செய்திகளின் பிரிண்ட், கூரை பில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். செல்போனில் இருக்கும் அசல் செய்திகளை அழித்துவிடாதீர்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.